காணி வாங்கினால் அரசாங்கக் காசு வருமா?

ரிச்சர்ட்சனுக்கு வடக்கே வீடுகள் முடிகிற இடத்தில் கோதுமையும் சோளமும் விதைக்கிற காணிகள் இன்னும் இருக்கின்றன. நம்மவர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து அப்படிக் காணி பார்க்கிறார்கள். அப்போது, "விதைக்கவே தேவையில்லை, வருஷா வருஷம் அரசாங்கம் காசு போடும்" என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். அது பழைய கதை.

1996 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய முறை அது. இப்போது என்ன விதைக்கிறீர்கள் என்று பாராமல், காணியின் பழைய பயிர்க் கணக்கை வைத்துக் காசு கொடுத்தார்கள். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே வோர்ட்டன் கவுண்டி நெல் விளையும் இடம். அங்கே எல் கம்போ ஊரில் நெற்காணியில் வீடு கட்டிக் குடியிருந்தவருக்கும் நெல்லுக்கான காசு போனது. 2000க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்கு நாடு முழுவதும் குறைந்தது 130 கோடி டொலர் போயிருக்கிறது என்று 2006 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நேரடிக் கொடுப்பனவை நிறுத்திவிட்டது.

இப்போது உள்ளது வேறு. ஊரில் கமநல சேவை நிலையம் இருந்ததுபோல, இங்கே விவசாயத் திணைக்களத்தின் எஃப்.எஸ்.ஏ. கந்தோர் கவுண்டி வாரியாக இதைப் பார்க்கிறது. ஊர் உர மானியம் விதைக்க முதல் கைக்கு வரும். இங்கே விலை விழுந்தால்தான் காசு. நெல்லுக்கு 100 இறாத்தலுக்கு 16.90 டொலர் என்று 2025 ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை விலை வைத்திருக்கிறது. முன்பு 14 டொலர். சந்தைச் சராசரி 14.90 ஆக இருந்தால் வித்தியாசம் 2 டொலர். பதிவில் 100 ஏக்கர் 'பேஸ்', ஏக்கருக்கு 60 நூறு இறாத்தல் விளைச்சல் என்று வையுங்கள். 85 வீதத்துக்குத்தான் கணக்கு: 85 × 60 × 2 = 10,200 டொலர். அதுவும் அறுவடைக்கு அடுத்த வருஷம் ஒக்டோபருக்குப் பிறகுதான் வரும். விலை விழாவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே இந்தக் காசை நம்பி வங்கிக் கடன் எடுக்காதீர்கள்.

காணிக்காரருக்கா, குத்தகைக்காரருக்கா? காசுக் குத்தகை என்றால் விதைத்து நட்டத்தைத் தாங்குகிற குத்தகைக்காரருக்கு. வாரத்துக்குக் கொடுத்தால் பங்குப்படி இருவருக்கும். பெரும்பாலும் இதில்தான் சண்டை வரும், குத்தகையை எழுத்தில் வையுங்கள். காணிக்குப் 'பேஸ்' இருக்கிறதா என்பதையும், தரகரின் வாய்ப்பேச்சில் விடாமல், எழுதுமுன் விற்பவரிடம் எஃப்.எஸ்.ஏ. பதிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ 'பேஸ்' என்றால் பொதுவாகக் காசு கிடையாது. புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு.

இனி நமக்கு முக்கியமானது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர் 'வெளிநாட்டவர்' என்று கணக்கிடப்படுவார். காணி, முதல், சொந்த உடல் உழைப்பு மூன்றையும் அவரே போட்டால்தான் இந்தக் காசு கிடைக்கும். அகதியாக வந்து பச்சை அட்டைக்குக் காத்திருப்பவருக்கும் இதே விதிதான். பெயர் மட்டும் கொடுத்து, "நான் வேலை செய்தேன்" என்று படிவத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். பொய் உறுதிமொழி மத்திய அரசுக் குற்றம், குடிவரவு வழக்கையும் கெடுக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தஞ்ச வழக்கு முடியாதவர் 10 ஏக்கருக்கு மேல் விவசாயக் காணி வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவம் கொடுக்கவேண்டும். 1978 ஆம் ஆண்டுச் சட்டம் இது. தவறினால் தண்டம் காணிப் பெறுமதியின் 25 வீதம்வரை போகலாம். காணி எழுதுகிற அன்றே வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள்.

காசு வந்தால் 1099-ஜி தாள் தபாலில் வரும். அது வருமானம், வரிப் பத்திரத்தில் 'ஷெடியூல் எஃப்' பக்கத்தில் போடவேண்டும்.