எம்.எல்.ஏ. நாற்காலி யாருடையது?



நம்ம குழுவிலிருந்து ஒருவர் விலகினால் என்ன செய்கிறோம்? கடன் பாக்கியைப் பார்த்து, சேமிப்பைக் கணக்கு முடித்து, தீர்மானம் எழுதி, வேறொருவரைச் சேர்க்கிறோம். சட்டமன்றத்திலும் இப்படி உறுப்பினர்கள் பாதியில் மாறுவது உண்டு. அது எப்படி நடக்கிறது, நமக்கு அதில் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்த மாதப் பாடம். 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாட்டின் 16-வது சட்டமன்றத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

உறுப்பினர்கள் எத்தனை பேர்?

மொத்தம் 234 தொகுதிகள். தொகுதிக்கு ஒருவர். இதில் 44 தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கும், 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 6-ல் நாம் ஓட்டுப் போட்டோம். சட்டமன்றம் முதன்முதலாகக் கூடியது மே 11-ல். ஐந்து வருடக் கணக்கு, ஓட்டுப் போட்ட நாளிலிருந்து அல்ல, இந்த முதல் கூட்ட நாளிலிருந்துதான்.

இடம் எப்போது காலியாகும்?

1. உறுப்பினர் இறந்துவிட்டால்
2. ராஜினாமா செய்தால்
3. கட்சித் தாவல் சட்டப்படி பதவி பறிபோனால்
4. வழக்கில் 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால்
5. அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராமலிருந்து, அவை இடத்தைக் காலியென்று அறிவித்தால்

இடம் காலியானால் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மீதிக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவு என்றால் நடத்த வேண்டியதில்லை.

ஈரோடு கிழக்குத் தொகுதியைப் பாருங்கள். 2021-ல் ஜெயித்த திருமகன் ஈ.வெ.ரா. 2023 ஜனவரியில் காலமானார். இடைத்தேர்தலில் அவருடைய அப்பா ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் ஜெயித்தார். 2024 டிசம்பரில் அவரும் காலமானார். 2025 பிப்ரவரியில் வி.சி. சந்திரகுமார் வந்தார். ஒரே தொகுதிக்கு, ஒரே காலத்தில் மூன்று உறுப்பினர்கள்!

விளவங்கோட்டில் விஜயதரணி 2024-ல் ராஜினாமா செய்தார். அங்கே தாரகை கத்பர்ட் ஜெயித்தார். வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி 2025 ஜூனில் காலமானபோது ஒரு வருடத்துக்கும் குறைவாகவே மீதி இருந்தது. அங்கே இடைத்தேர்தல் நடக்கவில்லை.

பெண்கள் எத்தனை பேர்?

இந்த 234 பேரில் 2021-ல் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். அதாவது 20 பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு பெண். ஆனால் அந்தத் தேர்தலில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள்தான் அதிகம்! உள்ளாட்சியில் நமக்குப் பாதி இடம் ஒதுக்கீடு இருக்கிறது. அதனால்தான் நம்ம குழுப் பெண்கள் பலர் வார்டு உறுப்பினராக, தலைவராக வர முடிந்தது. சட்டமன்றங்களிலும் நாடாளுமன்ற மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க 2023-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 234-ல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 78. பன்னிரண்டு எங்கே, எழுபத்தெட்டு எங்கே!

நாம் செய்ய வேண்டியது

நாற்காலி தொகுதி மக்களுடையது. உட்காருகிறவர் மாறலாம், நம்ம கோரிக்கை மாறக்கூடாது. "அவர்கிட்ட மனு கொடுத்தோம், அவரு போயிட்டாரு, அதோட போச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

* மனு கொடுக்கும்போது நகல் எடுத்து, தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
* புதியவர் வந்தால் அதே நகலோடு போய் மறுபடி கேளுங்கள்.
* இடம் காலியாக இருக்கும்போது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்.
* இடைத்தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும், புதுத் திட்டம் அறிவிக்க முடியாது. அதற்கு முன்பே கேளுங்கள்.
* இடைத்தேர்தல்தானே என்று ஓட்டை விடாதீர்கள், விற்கவும் வேண்டாம்.

குழுவில் பேசுங்கள்

1. நம்ம தொகுதியின் பெயர் என்ன? இப்போதைய உறுப்பினர் யார்?
2. நம்ம குழு கொடுத்த மனு ஏதாவது பாதியில் நிற்கிறதா?
3. வார்டு உறுப்பினராக இருக்கிற நம்ம பெண்களில் யாரை நாளைக்கு எம்.எல்.ஏ.வாகப் பார்க்க ஆசைப்படுகிறோம்?

மூன்றாவது கேள்விக்குச் சிரிக்காமல் பதில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.