நூலகத்தின் கதவு யாருக்குத் திறந்தது?

நூலகம் என்றதும் அடுக்கடுக்கான நூல்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால், ஒரு நூலகத்தின் வரலாற்றை அறிய விரும்பும் நாம் முதலில் கேட்க வேண்டிய வினா, 'எத்தனை நூல்கள் உள்ளன?' என்பதன்று, 'யார் உள்ளே செல்லலாம்?' என்பதேயாகும். பினாங்கு நூலகத்தின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேறிய பின், ஜார்ஜ் டவுன் துறைமுக நகராக வளர்ந்தது. 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் அங்கே பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தோன்றிற்று. மறு ஆண்டில், அதாவது 1817-இல், பினாங்கு நூலகம் தொடங்கப்பெற்றது. அஃது ஒரு சந்தா நூலகம். குறித்த தொகையைத் தவறாது செலுத்துவோரே அங்கு நூல்களை இரவல் பெறலாம். கூலிக்கு மூட்டை சுமந்தவர்க்கு அது எட்டாத ஒன்றாகவே இருந்தது.

கடலுக்கு அப்பால், இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் உழைத்தனர். அவர்களுக்கும் நூலகத்திற்கும் இடையே மூன்று தடைகள் நின்றன. ஒன்று பணம், மற்றொன்று மொழி, மூன்றாவது தொலைவு.

எனினும் படிக்கும் வேட்கை அவர்களிடம் இல்லாமற் போகவில்லை. 1924-இல் 'தமிழ் நேச'னும் 1935-இல் 'தமிழ் முர'சும் தோன்றின. எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பர். கட்டடம் இல்லாத நூலகம் என்றே அதனைக் கூறலாம்.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறிற்று. 1972-இல் தேசிய நூலகச் சட்டம் நிறைவேறியது. 1973-இல் பினாங்கு மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பொது நூலகக் கழகம் அமைந்தது. சந்தாதாரர்க்கென இருந்த நூலகப்பணி பொதுமக்களின் உரிமையாயிற்று. பணம் என்னும் தடை இவ்வாறு தளர்ந்தது. பிற்காலத்தில் கழகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில் அமைந்ததால் தொலைவும் குறைந்தது. 2016-இல் ஃபிரீ ஸ்கூல் அருகே மின்னியல் நூலகமும் திறக்கப்பெற்றது.

எஞ்சிய தடை மொழி. இதனை நீக்கும் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தை எண்ணிப் பார்ப்போம். 1933-இல் நீதிமன்றத்தில் பணியாற்றிய க. மு. செல்லப்பா என்பவர், தம் இல்லத்திலேயே நூல்களைத் திரட்டி இலவச நூலகம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு அது வாடகை அறைக்கு மாறிற்று; பின்னர் நகராட்சி அதனை ஏற்று நடத்தியது. 1959-இல் அதற்கென எழிலார்ந்த கட்டடம் திறக்கப்பெற்றது. 1981-இல் அந்நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆயினும் அது மீண்டும் கட்டி எழுப்பப்பட்டது. ஒருவர் வீட்டில் தொடங்கியது ஓர் இனத்தின் உடைமையாகிவிட்டமையே அதற்குக் காரணம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? எந்த மொழி நூல்களை மக்கள் மிகுதியாகக் கேட்டு வாங்கிச் செல்கின்றனரோ, அம்மொழிக்கு நூலகத்தில் இடம் பெருகும். எவரும் தொடாத நூல் நாளடைவில் அலமாரியை விட்டு அகற்றப்படும். ஆகவே, தமிழ் நூல் இல்லையே என்று வருந்தி வீட்டிலிருப்பதால் பயனில்லை. நாமும் நம் பிள்ளைகளும் உறுப்பினராதல் வேண்டும். தமிழ் நூல்களை இரவல் பெற்று, படித்து, உரிய நாளில் திருப்பித் தருதல் வேண்டும். வேண்டிய நூல் இல்லையெனில் நூலகரிடம் அதன் பெயரை எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

சட்டம் கதவைத் திறந்து வைத்துள்ளது. உள்ளே செல்ல வேண்டியவர் நாமே.