குடலும் இன்சுலினும்

கொடைக்கானல் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. மோட்டார்ச் சாலை அமையுமுன், பெரியகுளத்துப் பக்கமிருந்து பழனிமலைத் தொடரில் ஏறியோர் கால்நடையாகவோ டோலியிலோ சென்றனர். டோலி சுமந்தவரும் அதனுள் அமர்ந்தவரும் ஒரே உணவை உண்டிருப்பினும், இருவர் உடலும் அதனை ஒருவகையாகவே பயன்படுத்தியிரா. அஃது ஏன் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் உண்ணும் சோறும் கிழங்கும் குடலிற் செரித்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்கின்றன. அப்பொழுது கணையம் இன்சுலினைச் சுரக்கின்றது. 1921-ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் பிரித்தெடுத்த பொருள் இதுவே. இதன் ஆணைக்கு இணங்கும் உறுப்புக்களுள் சிறந்தவை மூன்று. தசை சர்க்கரையை உள்வாங்கும். ஈரல் தான் ஆக்கி வெளிவிடும் சர்க்கரையைக் குறைக்கும். கொழுப்புத் திசு தன்பாலுள்ள கொழுப்பை இரத்தத்திற் கசியவிடாது காக்கும்.

உடல் பருக்குங்கால் இவ்வொழுங்கு குலைகின்றது. கொழுப்புத் திசுவில் அடங்காத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் தங்குகின்றது. அவ்வுறுப்புக்கள் இன்சுலினுக்குச் செவிசாயாவாகின்றன. கணையம் மேன்மேலும் சுரந்து, இறுதியில் தளர, நீரிழிவு தோன்றுகின்றது. குடலும் இக்கேட்டிற்கு விலக்கன்று. மெலிந்தவரின் சிறுகுடல் இன்சுலின் ஏவலால் இரத்தத்தினின்று மிகுதியாகச் சர்க்கரையைக் கொள்ளும் என்றும், பருத்தவரிடத்து அவ்வியல்பு குன்றும் என்றும், அறுவைக்குப்பின் அது சீர்படும் என்றும் பின்லாந்து நாட்டுத் தூர்க்கு நகர ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர்.

குடல் வெறுங் குழாயன்று. அதுவும் ஒரு சுரப்பியே. குடலினின்று எழும் சுரப்பொன்று இரத்தத்தின் வழியே சென்று கணையத்தை ஏவுவதை 1902-இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் காட்டினர். பருமனுக்குரிய அறுவையின் பயனை விளக்குவதற்கு இவ்வுண்மை பெரிதும் உதவுகின்றது. அவ்வறுவைகளுள் ஒன்று, இரைப்பையைச் சிறு பையாக்கி, உணவு சிறுகுடலின் மேற்பகுதியைத் தொடாது கீழ்ப்பகுதியை விரைந்து அடையுமாறு வழி மாற்றுவது. உடல் மெலியுமுன்னரே, சில நாட்களுக்குள், பலருக்கு இரத்தச் சர்க்கரை தணிந்ததைக் கண்டு மருத்துவர் வியந்தனர்.

இதற்குக் காரணம் இரண்டு. உணவு குறைந்தமையால் ஈரற் கொழுப்பு விரைவிற் கரைய, ஈரல் இன்சுலினுக்கு மீண்டும் இணங்குகின்றது. குடலின் கீழ்ப்பகுதியோ, உணவு வந்தடைந்தவுடன் ஜி.எல்.பி.-1 என்னும் சுரப்பை மிகுதியாக வெளிவிட்டுக் கணையத்தை ஊக்குகின்றது; பசியையும் அடக்குகின்றது. தசை மட்டும் பின்னரே, எடை குறையக் குறையத் திருந்துகின்றது.

எனினும் அறுவை எல்லாப் பிணியையும் தீர்க்கும் மந்திரமன்று. அமெரிக்காவில் 150 நோயாளரைக்கொண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், 5 ஆண்டுகட்குப்பின் சர்க்கரை குறித்த அளவிற்கு இறங்கினோர், குடல்வழி மாற்றப்பெற்றாருள் 100-க்கு 29 பேர். மருந்து மட்டும் கொண்டாருள் 5 பேர் என 2017-இல் அறிவிக்கப்பட்டது. வேறுபாடு பெரிதே, ஆயினும் பலருக்கு நோய் முற்றும் அகலவில்லை. மேலும், அறுவை செய்துகொண்டோர் வாழ்நாள் முழுதும் உயிர்ச்சத்து மருந்துகளை உட்கொள்ளல் வேண்டும்.

நோய் வருமுன் காத்தல் இயலுமா? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் இதற்கு விடை பகர்ந்தனர். 3 ஆண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோருள் 100-க்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவைத் திருத்தி நாடோறும் நடந்தோருள் 39 பேரே உற்றனர். உழைக்கும் தசை இன்சுலினின் ஏவலை எதிர்பாராமலும் சர்க்கரையை ஈர்க்கும். டோலி சுமந்தவர் கால்கள் ஒவ்வோர் அடியிலும் செய்தது இதுவே.

பருத்தவரைக் கண்டு பெருந்தீனியர் என நகைத்தல் நம்மிடைப் பெருவழக்கு. பசியும் நிறைவும் மனத்திட்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. குடலும் கணையமும் ஈரலும் தம்முள் நடத்தும் உரையாடலையும் பொறுத்தவை. அவ்வுரையாடல் தடுமாறிய ஒருவருக்கு நம் ஏளனம் மருந்தாகாது. அவர் மருத்துவரை நாடாது ஒளிந்துகொள்ளவே அது வழிசெய்யும். ஆதலின், நண்பர்காள், அத்தகையோரை இகழாது, உடன் நடக்க அழைப்போமாக. பெற்றோர்க்கு நீரிழிவு உள்ள மாணவர், தாம் மெலிந்தவரே ஆயினும், தம் இரத்தத்தைச் சோதித்தறிவாராக.