கார் மேட் ஈரமா இருக்கா? கராஜுக்குப் போகும் முன் 4 சோதனை, 1 கணக்கு



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. பின்னாடியே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. எங்க குருவிநத்தம் இருக்கிற பாகூர் பகுதி வெள்ளக்காடானது.

அப்படி வெள்ளத்தில் நின்ற காருக்குள்ள தண்ணி வந்தா காரணம் தேட வேண்டாம். ஆனா, சாதாரண மழைக்கே மேட் ஈரமானா? காரணம் தெரியாம கராஜுக்குப் போனா, அவங்க ஊகத்துக்கெல்லாம் நீங்கதான் பில் கட்டணும்.

தள்ளிப்போடவும் கூடாது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற ஃபோம் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். மேல காய்ஞ்ச மாதிரி தெரியும். அடியில் வயரிங் கனெக்டர் பச்சை பிடிக்கும், தகடு துருப்பிடிக்கும். EMI முடியறதுக்குள்ள காரோட மறுவிற்பனை மதிப்பு இறங்கிடும்.

சோதனை 1: மழையா, ஏசியா?
மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டின பிறகு முன் சீட் கால் பக்கம் ஈரமா? அப்போ ஏசி தண்ணி வெளியே போற டிரெயின் குழாய் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சுத்தம் பண்ணினாலே போதும்.

சோதனை 2: தொட்டுப் பாருங்க
வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒத்தி எடுங்க. நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தா அது தண்ணி இல்லை, கூலன்ட். ஹீட்டர் பகுதியில் கசிவு. கூலன்ட் குறைஞ்சா என்ஜின் சூடேறும். இதை உடனே காட்டுங்க.

சோதனை 3: வடிகால்களைப் பாருங்க
முன் கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் பக்கம் இலை, சருகு சேர்ந்திருக்கா? வேப்பமரத்தடியில் நிறுத்தற காருக்கு இது சகஜம். கதவோட அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். மண் அடைச்சா கதவுக்குள்ள தண்ணி தேங்கும். சன்ரூஃப் இருந்தா அதன் மூலைகளிலும் டிரெயின் உண்டு. டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணின்னா, பின் விளக்கு ரப்பரையும் டிக்கி பீடிங்கையும் சந்தேகப்படுங்க.

சோதனை 4: ஹோஸ் பைப்
உள்ளே நல்லா துடைச்சுக் காயவிட்டு, நியூஸ்பேப்பர் விரிங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ளே உட்காரட்டும். இன்னொருத்தர் மெதுவா, கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் 2-3 நிமிஷம் தண்ணி விடணும். மேலிருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்திலும் வழியும்; எந்த வழியா நுழைஞ்சதுன்னு தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம், நல்லா இருக்கிற ரப்பர் வழியாகூட அது தண்ணியை உள்ளே தள்ளிடும்.

இப்போ கணக்கு
ரப்பர் தேய்ஞ்சு வர்ற கசிவு தேய்மானம்; இன்சூரன்ஸ் தராது. வெள்ளச் சேதம் வேற. அது ஓன் டேமேஜ் கவரில் வரும், வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் வராது.

ஆனாலும் எல்லாத்துக்கும் கிளெய்ம் லாபமில்லை. உதாரணமா, உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், 3 வருஷமா கிளெய்ம் இல்லாததால் இப்போ 35% நோ கிளெய்ம் போனஸ்னு வைங்க. வெள்ளத்துக்குப் பிறகு உள்ளே சுத்தம் பண்ண பில் 5,000. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கைக்கு அதிகபட்சம் 4,000. கிளெய்ம் பண்ணலைன்னா அடுத்த வருஷம் போனஸ் 45%, அதாவது 4,500 மிச்சம். கிளெய்ம் பண்ணினா அது பூஜ்யம். மறுபடி 20%லிருந்து ஏறணும். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் இருந்தா மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

சின்ன பில்னா கைக்காசு. வயரிங், என்ஜின் வரை போயிருந்தா தாமதிக்காம கிளெய்ம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. தண்ணி புகுந்த என்ஜினை ஓடவிட்டு அது உடைஞ்சா, என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவங்களுக்கு அந்தச் செலவு பொதுவா கிடைக்காது. போட்டோ எடுங்க, டோ பண்ணுங்க.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்குங்க. ஹோஸ் பைப்பும் பாலிசி பேப்பரும் கையில் இருந்தா போதும்.