கணிதத்துக்கான பொதுத் தகவல் வலையமைப்பு: எந்த அமைப்பைத் தேர்வது?

கணிதவியலாளர்களுக்கெனப் பொதுவான இணையத் தகவல் வலையமைப்பு ஒன்றை உருவாக்க முற்படும் சங்கமோ பல்கலைக்கழகக் கூட்டமைப்போ, எந்த மென்பொருளை எடுப்பது, எந்த சர்வரில் வைப்பது என்ற விவாதத்திலேயே முதல் சில கூட்டங்களைக் கழித்துவிடுவது வழக்கம். மென்பொருள் சில ஆண்டுகளில் எப்படியும் மாறிவிடும். தகவலை யார் சேர்ப்பது, யார் சரிபார்ப்பது, அது யாருக்குச் சொந்தம், மானியம் நின்ற பிறகு யார் பராமரிப்பது ஆகியவற்றில் தொடக்கத்தில் எடுக்கும் முடிவை மட்டும் பின்னால் மாற்றுவது கடினம். கணிதத்தில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. 1870-இல் சரியாக நிறுவப்பட்ட தேற்றம் இன்றும் தேற்றமே என்பதால், ஆய்வாளர் ஒருவர் நேற்று வந்த கட்டுரையையும் நூற்றைம்பது ஆண்டுப் பழைய கட்டுரையையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க நேர்கிறது. அதே ஆய்வாளருக்கு அடுத்த வாரக் கருத்தரங்கு எந்த அறையில் நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இவ்விரு வகைத் தகவல்களின் ஆயுளும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழ்வரும் அமைப்புகளுள் எது எதற்குப் பொருந்தும் என்பது பெருமளவு தெளிந்துவிடும்.

மிகப் பழையது, பதிப்பாசிரியர் குழு நடத்தும் மையத் தரவுத்தளம். வெளியான கட்டுரைகளையும் நூல்களையும் தொகுத்து, துறை வல்லுநர்களிடம் மதிப்புரை பெற்று, பொருள்வாரியாக வகைப்படுத்துவது இதன் பணி. 1931-இல் ஓட்டோ நாய்கெபவுவர் முன்னின்று ஜெர்மனியில் தொடங்கிய 'ட்சென்ட்ரால்பிளாட்' மதிப்புரை இதழும், 1940-இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் தொடங்கிய 'மேத்தமேட்டிக்கல் ரிவ்யூஸ்' இதழும் இவ்வகையின் இரு தூண்கள். இரண்டாவது பிறந்ததற்கே முதலாவதில் நேர்ந்த அரசியல்தான் காரணம்: 1938-இல் யூதரான இத்தாலியக் கணிதவியலாளர் லெவி-சிவிதாவின் பெயர் பதிப்பாசிரியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் நாய்கெபவுவர் விலகி, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஒரே நாட்டில், ஒரே நிர்வாகத்தின் கீழ் எல்லாத் தகவலையும் வைப்பதன் ஆபத்து கணினிக்கு முன்பே இவ்வாறு தெரிந்துவிட்டது. இன்று அமெரிக்கத் தரவுத்தளம் 'மேத்சைநெட்' என்ற பெயரில் சந்தா அடிப்படையில் இயங்குகிறது. 'இசட்பி மேத்' எனப் பெயர் மாறிய ஜெர்மானியத் தரவுத்தளம் 2021 முதல் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டுள்ளது. இரண்டும் சேர்ந்து பராமரிக்கும் கணிதப் பொருள் வகைப்பாட்டில் 63 தலைமைப் பிரிவுகள் உள்ளன; எண் கோட்பாட்டுக்கு 11 என்பது போல ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க எண் உண்டு. இத்தகைய ஒன்றைப் புதிதாகக் கட்ட நினைப்பது வீண் முயற்சி. ஊதியம் பெறும் பணியாளர்களும் ஆயிரக்கணக்கான மதிப்புரையாளர்களும் அதற்குத் தேவை. ஆனால் அந்த வகைப்பாட்டு எண்களை அப்படியே எடுத்தாள்வதும், திறந்த தரவுத்தளத்தின் பதிவுகளோடு இணைப்புக் கொடுப்பதும் எந்தச் சிறு அமைப்புக்கும் கைகூடும்.

இரண்டாவது வகை வைப்பகம், அதாவது ஆசிரியரே தம் கட்டுரையை நேரடியாக ஏற்றிவைக்கும் இடம். 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கி, 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறிய 'ஆர்க்கைவ்' இதற்கு முதன்மைச் சான்று. இங்கே இதழ்களில் நடப்பதுபோல் நடுவர்கள் நிறுவல்களைச் சோதிப்பதில்லை. கட்டுரை அந்தத் துறைக்கு உரியதுதானா என்ற மேலோட்டமான பார்வை மட்டுமே உண்டு. கிரிகோரி பெரெல்மன் புவாங்கரே அனுமானத்துக்கான நிறுவலின் முதல் பகுதியை 2002 நவம்பரில் இங்கேதான் வெளியிட்டார். எந்த இதழுக்கும் அதை அவர் அனுப்பவில்லை, சரிபார்க்கும் வேலையைப் பல நாட்டுக் கணிதவியலாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் தாமாகவே செய்து முடித்தார்கள். கட்டுரை திருத்தப்பட்டாலும் முந்தைய வடிவங்கள் அழியாமல் இருப்பதும், ஒருமுறை தரப்பட்ட அடையாள எண் மாறாமல் இருப்பதும் இதன் உண்மையான பலம். புதிய வைப்பகம் தொடங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான் உண்டு: பழைய ஆய்வேடுகள், கோடைப்பள்ளிப் பாடக் குறிப்புகள் போல வேறு எங்கும் இடம் கிடைக்காத சரக்கு கையில் இருப்பது.

மூன்றாவது, சிதறிய அமைப்பு. இதில் மையக் கிடங்கு இல்லை. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் தகவலைத் தன் கணினியிலேயே, எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே வடிவில் வைத்துக்கொள்ள, தேடுபொறி ஒன்று எல்லாவற்றையும் சுற்றிவந்து பொது அட்டவணையைத் தயாரிக்கும். இந்த வடிவில் ஒவ்வொரு கோப்போடும் ஆசிரியர், தலைப்பு, நாள், வகைப்பாட்டு எண் ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். தரவைப் பற்றிய இந்தத் தரவுக்கே மீத்தரவு என்று பெயர். 1990-களில் ஜெர்மானியக் கணிதத் துறைகள் தொடங்கி, பின்னர் சர்வதேசக் கணித ஒன்றியமும் கையிலெடுத்த 'மேத்-நெட்' திட்டம் இந்த எண்ணத்தின் மிக நேர்த்தியான வடிவம். உலகின் எந்தக் கணிதத் துறைக்குச் சென்றாலும் ஆட்கள், ஆராய்ச்சி, கற்பித்தல் என ஒரே தலைப்புகளின் கீழ் ஒரே ஒழுங்கில் தகவல் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எவரும் எவருக்கும் அடங்காத இந்தச் சனநாயகம் காகிதத்தில் மிக அழகானது, ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. இத்தகைய அமைப்பில் பராமரிப்பு ஒவ்வொரு துறையிலும் ஆர்வமுள்ள ஒரு விரிவுரையாளரின் தலையில்தான் விழுகிறது. அவர் இடம் மாறினாலோ, பல்கலைக்கழகம் தன் இணைய முகவரியை மாற்றினாலோ அந்த முனை மௌனமாக அறுந்துபோகிறது. பொதுத் தேடுபொறிகள் வளர்ந்த பிறகு, மீத்தரவை நிரப்பும் அலுப்பான வேலைக்கு யாரும் முன்வருவதற்கான காரணமும் குறைந்தது. ஆயினும் கருத்தரங்கு, காலிப்பணியிடம், வருகைப் பேராசிரியர் போன்ற செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. அவை பிறக்குமிடத்தில் இருப்பவருக்கே சரியாகத் தெரியும், பழையதாகி அழிந்தாலும் நட்டமில்லை.

நான்காவது, சமூகமே எழுதித் திருத்தும் தொகுப்பு. இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டியவை மிகுதி. நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது சேகரிக்கத் தொடங்கி, 1973-இலும் 1995-இலும் நூலாக வெளியிட்டு, பிறகு இணையத்துக்குக் கொண்டுவந்த முழு எண் தொடர்வரிசைகளின் கலைக்களஞ்சியம் இப்போது ஓர் அறக்கட்டளையின் உடைமை. புதிய பதிவுகளைத் தன்னார்வப் பதிப்பாசிரியர்கள் பார்த்த பின்பே அது ஏற்கிறது. ஆய்வாளர் ஒருவர் தம் கணக்கீட்டில் 2, 3, 5, 7, 11 என்ற எண்களைப் பெற்றால் அவற்றைப் பகா எண்கள் என்றே எண்ணுவார். அடுத்த எண் 13-ஆக இல்லாமல் 15-ஆக வந்து, அந்த வரிசையை அங்கே தேடினால், A000041 என்ற எண்ணுடைய பிரிவினை எண்களின் பக்கம் திறக்கும்: ஒரு நேர் முழு எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக, வரிசையைப் பொருட்படுத்தாமல், எத்தனை வழிகளில் எழுதலாம் என்பதன் கணக்கு அது. இராமானுசன் கண்டறிந்த வகுபடும் தன்மைகளும் அந்தப் பாதையிலேயே எதிர்ப்படும். 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135 என ஐந்தைந்தாகத் தாண்டும் இடங்களில் பிரிவினை எண் எப்போதும் ஐந்தால் வகுபடுவது அவற்றுள் ஒன்று. இதைவிட நுட்பமான ஏற்பாடு, அச்சில் தவறாக வெளியான வரிசைகளையும் தவறு என்ற குறியோடு வைத்திருப்பது. பிழையான நூலிலிருந்து எடுத்துத் தேடுபவரும் சரியான பக்கத்துக்கு வந்துசேர்கிறார். இயற்கணித வடிவியலுக்கான 'ஸ்டாக்ஸ்' தொகுப்பும் இதே கவனத்தைக் காட்டுகிறது: ஆயிரக்கணக்கான பக்கங்களில் தேற்றத்தின் வரிசை எண் மாறிக்கொண்டே இருந்தாலும், அதற்குத் தரப்பட்ட நான்கெழுத்துக் குறி மாறுவதில்லை.

உரிமை பற்றிய பாடம் கசப்பானது. எரிக் வைஸ்டீன் தொகுத்த 'மேத்வேர்ல்ட்' களஞ்சியம், அதன் அச்சு வடிவத்துக்காக அவர் ஒரு பதிப்பகத்தோடு செய்திருந்த ஒப்பந்தத்தால் எழுந்த வழக்கில், 2000 அக்டோபர் முதல் ஓராண்டுக்கும் மேல் இணையத்திலிருந்து விலக்கப்பட்டது. பலர் இலவசமாகத் திருத்தமும் சேர்க்கையும் அனுப்பி வளர்த்த ஒன்றை ஒரு கையெழுத்து மூடிவிட்டது. அந்த இடைவெளியில் உருவான 'பிளானட்மேத்' திறந்த உரிமத்தை அடித்தளமாகக் கொண்டது. திறந்த உரிமம் என்பது, பெயர் குறிப்பிட்டு எவரும் நகலெடுத்து வேறிடத்தில் தொடர்ந்து நடத்தலாம் என்ற முன்கூட்டிய அனுமதி.

நிறுவல்களைக் கணினியே வரிக்கு வரி சோதிக்கும் 'மேத்லிப்' போன்ற நூலகங்கள் ஐந்தாவது வகை எனலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தேற்றங்கள் அதில் இருந்தாலும், 'லீன்' என்ற நிரல்மொழியைக் கற்ற பயிற்சி பெற்ற குழு இல்லாத சங்கம் இப்போதைக்கு இதைப் பயன்படுத்துவதோடு நிற்கலாம்.

ஆகவே நடுத்தர அளவுள்ள ஒரு சங்கம் நூற்பட்டியலையும் கட்டுரை வைப்பையும் இருக்கும் பெரிய அமைப்புகளிடம் விட்டுவிட்டு, நிகழ்ச்சிச் செய்திகளைச் சிதறிய முறையில் திரட்டி, தன் உழைப்பு முழுவதையும் பிறர் செய்யாத ஒரே ஒரு தொகுப்பில் செலுத்துவது நலம். அத்தொகுப்பு ஒரு துறையின் எடுத்துக்காட்டுகளாகவோ, எதிர் எடுத்துக்காட்டுகளாகவோ, ஒரு வட்டாரத்தின் ஆய்வேடுகளாகவோ இருக்கலாம். முதல் பதிவை ஏற்றுவதற்கு முன்பே அடையாள எண் முறையும் உரிம வாசகமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; பங்களிப்பாளர் நூற்றுவரான பிறகு ஒவ்வொருவரிடமும் உரிமத்துக்கு ஒப்புதல் கேட்பது நடக்காத காரியம். பதிவுகள் அனைத்தையும் எந்த நிரலும் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக மாதந்தோறும் இறக்கி, வேறொரு நகரத்தில் உள்ள நிறுவனத்திடம் ஒரு படியைக் கொடுத்து வைப்பதோடு, ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் படியை மட்டும் கொண்டு தளத்தை மறுபடி எழுப்பிப் பார்க்கும் பொறுப்பை, அதை முதலில் கட்டாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.