கோடைக் காலையில் வழியோரப் பாடம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று, "லீவில் பார்க்க நம்மூரில் என்ன இருக்கிறது, டீச்சர்? ஆறும் காய்ந்துவிட்டது, புல்லும் காய்ந்துவிட்டது" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அலுத்துக்கொண்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே உங்கள் எல்லாருக்கும் இங்கே எழுதுகிறேன்.

பங்குனிக் கடைசியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள். துணைக்கு அம்மாவையோ பாட்டியையோ அழைத்துக்கொள்ளுங்கள். செடிகளின் பெயர் உங்கள் டீச்சரைவிடப் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். செருப்பு அவசியம். மணிமுத்தாற்றங்கரையில் தரையோடு படர்ந்து, மஞ்சள் பூப் பூத்திருக்கும் நெருஞ்சியின் காய் முற்றியதும் ஐந்தாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டிலும் முள் உண்டு. அதைக் காலால் அறிவதைவிடக் கண்ணால் அறிவது நல்லது!

அடுத்து எருக்கு. மற்றவை வாடும் காலத்திலும் இது தழைத்து நிற்கும். இதன் பாலில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகள் பெரும்பாலும் இதைத் தீண்டுவதில்லை. நீங்களும் இலையைக் கிள்ளாதீர்கள். பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு வேலியோரம் நின்ற எருக்கை, வேண்டாத செடி என்று எண்ணி நானே வெட்டிப் போட்டேன். மறுநாள் பார்த்தால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழுக்கள் ஏழெட்டு, வாடிய இலைகளின்மேல் அலைந்துகொண்டிருந்தன. பதறிப்போய் முருங்கையிலையும் கீரையும் பறித்துப் போட்டேன். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. இரண்டு நாளில் எல்லாம் செத்துவிட்டன. பிறகுதான் புத்தகத்தில் படித்து அறிந்தேன்: அவை எருக்கையும் அதன் இனச் செடிகளையும் தவிர வேறெதையும் உண்ணாதவை. எருக்கின் நஞ்சைத் தம் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை நெருங்காது. மூன்று நான்கு வாரத்தில் அவை செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்திருக்கும். இன்றும் எருக்கைக் கண்டால் இலையின் அடிப்புறத்தைக் குனிந்து பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

மர நிழலில், பொடிமணலில் புனல் வடிவச் சிறு குழிகள் தென்பட்டால், அது குழியானையின் வேலை. எறும்பு சறுக்கி விழுந்ததும் அடியிலிருந்து மணலை வாரி இறைத்து அதைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையில் விட்டால் பின்னோக்கியே நடக்கும். தும்பி போலச் சிறகு முளைத்துப் பறக்கப்போகும் பூச்சியின் குழந்தைப் பருவம்தான் இது.

இனி வீட்டுச் சுவருக்கு வருவோம். பீங்கான் ஊர்ப் பெண்களாகிய நீங்கள், மண் குழைப்பதையும் அச்சில் வார்ப்பதையும் சூளை வைப்பதையும் பார்த்தோ கேட்டோ இருப்பீர்கள். இவை எதுவுமின்றிப் பானை செய்கிறது ஒரு குளவி. தண்ணீர் கொண்டுவந்து மண்ணை நனைத்து, உருண்டையாக்கி, வாயாலும் முன்காலாலும் வனைந்து, குறுகிய கழுத்தும் விளிம்பும் வைத்து, கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிய கலயம் ஒன்றை முடித்துவிடுகிறது. சுட்ட பானை அல்லவே, மழையில் கரைந்துவிடும். ஆகவே கூரையடியிலும் ஜன்னலோரத்திலும் தேடுங்கள்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் சிறுவயதில் நம்பினேன். உள்ளே நடப்பது வேறு. தாய்க்குளவி முதலில் கலயத்தின் உட்புறத்தில் ஒரு முட்டையைச் சிறு நூலில் தொங்கவிடுகிறது. பின் பச்சைப் புழுக்களைக் கொட்டி, சாகடிக்காமல் அசைவற்றுப் போகச் செய்து, உள்ளே அடுக்கி வாயை மூடுகிறது. உயிரோடிருப்பதால் அவை அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அவையே ஆகாரம். முன்னோர் கண்டது பொய்யல்ல: புழு உள்ளே போனதும் உண்மை, குளவி வெளியே வந்ததும் உண்மை. இடையில் இருந்த முட்டையைத்தான் அவர்கள் காணவில்லை.

ஓட்டை விழுந்த கலயம் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சு போய்விட்டது. மூடியிருந்தால் தொடாதீர்கள்.

"அப்படியானால் அம்மாக் குளவி தன் பிள்ளையைப் பார்ப்பதே இல்லையா, டீச்சர்?" என்றாள் அந்த மாணவி. இல்லை. வாயை அடைத்துவிட்டு, அடுத்த கலயத்துக்கு மண் தேடிப் போய்விடுகிறது.