கண்ணாடிக்கு அப்பால் பவளம்

கேள்வி: கையால் குவியம் திருப்பும் பழைய 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் லென்ஸால், வீட்டுத் தொட்டியிலுள்ள பவளங்களை அண்மையில் படமெடுக்க இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். தனித்து நின்றால் பொருளின் பாதி அளவுப் பிம்பத்தையே தரும் அந்த லென்ஸ், 27.5 மி.மீ. இடைக்குழாயைப் பொருத்தியதும் முழு அளவையே தந்துவிடும். ஆனால் அப்போது சில சென்டிமீட்டர் தூரமே மிஞ்சுவதால், கண்ணாடியை ஒட்டி வளரும் பவளத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். லென்ஸ் கண்ணாடிக்கு நேரெதிராக நிற்பது அத்தியாவசியம். சற்றே சாய்ந்தாலும், நீரையும் கண்ணாடியையும் கடந்து காற்றுக்கு வரும் ஒளி வளைந்து, வர்ணங்கள் பிரிந்து, பிம்பம் மங்கிப்போகும். நீரோட்டப் பம்பை நிறுத்தாமல் எடுப்பது, என் அபிப்பிராயத்தில், வீண் பிரயாசை. வளையத்தைத் திருப்பித் திருப்பிக் களைப்பதைவிட, அதை ஒரே நிலையில் விட்டுவிட்டு, காமிராவையே மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்தி, பாலிப்பின் வாய் ஊசிமுனை போலத் தெளியும் க்ஷணத்தில் அழுத்துங்கள். துவாரம் எஃப் 8 போதும். நீல விளக்கு காமிராவை ஏமாற்றும். படம் முடியும்வரை வெள்ளை விளக்கை ஏற்றுங்கள். முடிந்ததும் பம்பை மறுபடி ஓடவிட மறந்துவிடாதீர்கள்.